பேய்க்கு ஒரு கால்

ஜூன் 8, ஞாயிறு

இன்று எங்கள் வீடியோ சேனலுக்காக இரண்டு கணினி ஆட்டங்களை ஆடிப் பதிவு செய்தோம். வழக்கம்போல் சோலை விளையாடினாள், நான் பேசினேன்.

முதலாவது துணி காயப்போடும் ஆட்டம். மொட்டை மாடியில் ஒரு கொடி. ஈரத்துணிகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கனமான போர்வையை நடுவில் போட்டால் கொடி தொய்ந்து, ஓரத்தில் கிடக்கும் கைக்குட்டைகள் எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்து அதன்மேல் விழுகின்றன. காற்று வேறு. தோற்கிற ஒவ்வொரு முறையும் சிரிப்பு வந்தது. நல்ல ஆட்டத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். தோற்றால் சிரிப்பு வர வேண்டும். இரண்டாவதில் ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. மெழுகு உருகித் தராசுத் தட்டில் சொட்டுகிறது. கதவு திறப்பதற்கான எடை சேர்வதற்குள் வெளிச்சம் தீர்ந்துவிடக் கூடாது. இரண்டுமே தனி ஆட்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து செய்தவை. எங்களைத் தவிரத் தமிழ்நாட்டில் யாரும் ஆடியிருக்க மாட்டார்கள்.

அதற்காகத்தான் 'ஓரத்து ஆட்டம்' என்ற இந்தச் சேனலை நடத்துகிறோம். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டங்களைப் பற்றிக் கத்திப் பேச ஆயிரம் பையன்கள் இருக்கிறார்கள்.

பதிவு முடிந்து டீ குடிக்கும்போது சோலை கேட்டாள்: "நாமளே ஒண்ணு செஞ்சா என்னடி எஸ்தரு?"

"செய்யலாம். ரெண்டு வருசம் சம்பளமில்லாம ஒக்காத்தி வச்சு சோறு போட ஒரு அப்பன் வேணும். எனக்கு அப்பனே இல்ல. ஒனக்கு மினி பஸ் கண்டக்டர். வேற ஏதாச்சும் பேசு."

அவள் வேறு எதுவும் பேசவில்லை.

ஆட்டம் செய்வது காசுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. இதை நான் கசப்பில் சொல்லவில்லை. உண்மை அதுதான்.

ஜூன் 11, புதன்

பைபாஸ் ரோட்டில் டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். எங்கோ இருக்கும் கம்பெனிகள் அனுப்பும் ஆட்டங்களில் பிழை தேடுவது எங்கள் வேலை. அடுத்தவன் கட்டிய சுவரில் முட்டி முட்டி எங்கே உதிர்கிறது என்று பார்ப்பது. எனக்கு அது நன்றாக வரும். நான் கை வைத்த எந்த ஆட்டமும் முழுசாக வெளியே போனதில்லை. சோலை என் பக்கத்து நாற்காலி. அவள் கண்டுபிடிப்பது குறைவு. பிழையைவிட்டுவிட்டு, ஆட்டம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அவள் சேர்ந்த முதல் வாரம் வருகைப் பதிவில் அவள் பெயர் 'சேலை' என்று விழுந்திருந்தது. 'சோ'வின் துணைக்கால் விட்டுப்போயிருந்தது. "ஏ சேலை, இங்கிட்டு வா" என்று முதலில் கூப்பிட்டது நான்தான். ஆபீஸ் முழுக்க அது பரவியது. இன்றைக்குக்கூட டீக்கடைக்காரர் அப்படித்தான் கூப்பிட்டார். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

ஜூன் 15, ஞாயிறு

பதிவு செய்ய உட்கார்ந்தோம். "இன்னைக்கு என்ன ஆட்டம்?" என்றேன். சோலை தன் மடிக்கணினியைத் திறந்தாள். அலுவலகத்தில் கழித்துக் கட்டியதை வாங்கியது. விசைகள் பாதி தேய்ந்துபோய் எழுத்தே தெரியாது.

"நீ வெளாடு. நான் பாக்கேன்" என்றாள்.

திரையில் ஒரு மண்பாதை. பாதையில் பெரிதாக 'மடு' என்ற சொல், கறுப்பு மரத்தில் செதுக்கியதுபோல். அதைச் சுற்றித் தண்ணீர். தாண்ட முடியாது. கரையில் ஒரு துணைக்கால் கிடக்கிறது. தள்ளினேன். அதற்கு எடை இருக்கிறது. ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் சாய்கிறது. தட்டுத் தடுமாறி 'ம'வுக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் மடு எழுந்து மாடாகிவிட்டது. உடம்பை உதறித் தண்ணீரைத் தெளித்துவிட்டு நடந்து போயிற்று.

நான் சிரித்துவிட்டேன். அதற்காக என்மேலேயே எரிச்சல்.

அடுத்தது 'பல்'. கால் கொடுத்தால் பால். வெள்ளமாகப் பொங்கி வருகிறது, அதில் மிதந்து மேலே ஏற வேண்டும். வழியை அடைத்துக்கொண்டு 'பாறை'. அதன் காலைத் தட்டிவிட்டால் பறை. அடித்தால் தரை அதிர்ந்து, மேலே மாட்டிக்கொண்டிருக்கும் புள்ளிகள் கடுகுபோல் கொட்டித் துள்ளுகின்றன. 'தோள்' என்று ஒன்று உங்களைச் சுமந்து போகும். அவசரப்பட்டுக் காலை உருவினால் தேள்.

"யார் செஞ்சது?" என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"நான்தான்டி."

"எப்ப?"

"ஒரு வருசமா. காலைல ஆபீஸ் வர்றதுக்கு முன்னாடி. பஸ்ஸுல."

ஒரு வருடமாக ஒவ்வொரு நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து என் சாப்பாட்டில் பங்கு போட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என்ட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ மொத நாளே ஒடச்சிருப்ப. முளைக்கட்டும்னு பாத்தேன். கடேசிக் கட்டத்தப் பாரேன்."

கடைசிக் கட்டத்தில் ஒரு 'பேய்'. எங்கே போனாலும் மிதந்துகொண்டே பின்னால் வருகிறது. எதற்கும் பயப்படவில்லை, எதிலும் முட்டிக்கொள்ளவில்லை. நான் திணறுவதைப் பார்த்து சோலை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"பேய்க்கு எது இருக்காதுன்னு சொல்லுவாக?"

கால். ஒரு காலைத் தூக்கி அதன் பக்கத்தில் நட்டேன். பேய் 'போய்' ஆயிற்று. போய்விட்டது.

"நீ வச்ச பேருலருந்துதான்டி தோணுச்சு. சோலைக்கு ஒரு கால் போனா சேலை. அப்ப மத்ததுக்கெல்லாம் என்ன ஆகும்னு யோசிச்சேன்."

நன்றாக இருக்கிறது என்றேன். தலை வலிக்கிறது என்று சொல்லிப் பதிவை ஒத்திப்போட்டுவிட்டு வந்தேன்.

நான் வைத்த பெயர். அவளே சொன்னாள். அப்படிப் பார்த்தால் பாதி என்னுடையது.

ஜூன் 16, திங்கள்

எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஜூன் 17, செவ்வாய்

சென்னையில் மாத இறுதியில் சின்ன ஆட்டங்களுக்கென்று ஒரு கண்காட்சி நடக்கிறதாம். சோலை விண்ணப்பித்திருக்கிறாள், அவர்கள் எடுத்தும்கொண்டுவிட்டார்கள். அதுவும் எனக்கு இன்றுதான் தெரியும். அதை நடத்துகிறவர்களில் ஒருவன் கௌசிக். மதியம் வீடியோ அழைப்பில் வந்தான். பின்னால் கண்ணாடி அலமாரி, அதில் வெளிநாட்டுப் பொம்மைகள்.

"உங்க கேம்ல ஒரு மண்வாசனை இருக்கு சோலை" என்றான்.

மண்வாசனையாம். நாங்கள் என்ன மழையா? இவர்கள் செய்தால் அறிவு. நாங்கள் செய்தால் மண்வாசனை. அழைப்பு முடிந்ததும் சோலையிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"சரி விடு. அவன் வாசம் பிடிச்சிட்டுப் போறான். ஆட்டம் ஓடுனாச் சரி."

பிறகு ஆட்டத்தை என் போனுக்கு அனுப்பினாள். "நீ ஒடைக்காத ஆட்டம் கெடையாது. ஒடச்சுக் குடு. இருபத்தேழாந் தேதி கெளம்புறேன்."

என் பெயரை அந்த ஆட்டத்தில் போட்டால் என்ன செய்யலாம் என்று பார்த்தேன். எஸ்தர். காலும் இல்லை, கொம்பும் இல்லை. இரண்டு புள்ளிகள் இருக்கின்றன, தட்டிவிட்டாலும் ஒரு மாடுகூட வராது.

ஜூன் 19, வியாழன்

என் போனில் எல்லாக் கட்டங்களையும் ஆடினேன். தலைகீழாகப் போட்டு ஆடினேன், பின்னோக்கி ஆடினேன், ஒரே நேரத்தில் ஐந்து விரல்களை வைத்து ஆடினேன். ஒன்றும் உதிரவில்லை.

அம்மாவின் போனிலும் போட்டுப் பார்த்தேன். நான் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய போன். திரையில் கீறல்.

பேய் போகவில்லை.

ஜூன் 20, வெள்ளி

சோலை நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். "ஏதாச்சும் கெடச்சுச்சா?"

"இல்ல. சுத்தமா இருக்கு."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு "சரி" என்றாள்.

இதில் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய போன்களுக்கு 'பே'யின் கொம்பும் பக்கத்தில் வரும் காலும் சேர்ந்தால் ஓர் எழுத்து என்பது தெரிவதில்லை. கால் தனியாக, ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு அனாதையாக நிற்கிறது. பேய் அங்கேயே மிதக்கிறது. ஆட்டம் உறைந்துபோகிறது. கண்காட்சிக்கு வருகிறவர்களிடம் நல்ல போன்கள்தான் இருக்கும். கௌசிக்கின் கையில் இருந்தது என் ஒரு வருடச் சம்பளம். அங்கே யாருக்கும் இது கண்ணில் படப்போவதில்லை.

தவிர, அவள் ஒரு வருடம் சொல்லாமல் வைத்திருந்தாள். நான் சொல்லாமல் இருப்பது ஒரு நாள்.

ஜூன் 21, சனி

விளக்குமாறு வாங்க வேண்டும். கேஸ் பதிவு செய்ய வேண்டும். கடைசிக் கட்டம் இல்லாவிட்டாலும் அது நல்ல ஆட்டம்தான்.

ஜூன் 22, ஞாயிறு

சோலை பதிவுக்கு வரவில்லை. கண்காட்சிக்குத் தயாராக வேண்டுமாம். நானே ஆடி நானே பேசினேன். சாய்ந்த மேஜையில் பீங்கான் கோப்பைகளை அடுக்கும் ஆட்டம். ஆடினால் பேச முடியவில்லை, பேசினால் கோப்பைகள் உருள்கின்றன. அழித்துவிட்டேன்.

அடுப்படிக்கு வந்தால் அம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து போனை மூக்குக்கு நேரே பிடித்திருக்கிறாள். அடுப்பில் குழம்பு சுண்டிக்கொண்டிருக்கிறது.

அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. என் சேனலை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. "போன நோண்டுறதுக்கு எதுக்கு இம்புட்டுப் பேச்சு?" என்பாள். அதே அம்மா இன்று, "ஏட்டி, இந்தப் பல்லு பாலாகுது பாரேன்!" என்கிறாள்.

"அத யாரு தொறக்கச் சொன்னா?"

"கெடந்துச்சு, தொறந்தேன். சோலப் புள்ள செஞ்சதாமே. போன வாரம் போன் போட்டுச் சொன்னுச்சு. எம்புட்டு மூளை பாரு அந்தப் புள்ளைக்கு! மாடு ஒதறுது பாரேன், தண்ணிய!"

நான் குழம்பை இறக்கி வைத்தேன்.

சாப்பிட்டு முடித்த பிறகும் அவள் போனை விடவில்லை. எல்லாக் கட்டங்களையும் தாண்டிவிட்டாள். அந்தப் பாறையை நானே மூன்று முறை தோற்ற பிறகுதான் தாண்டினேன். கடைசியில் பேயிடம் வந்து நின்றாள். காலைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள். புள்ளிவட்டத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"காலு குடுத்தாலும் நிக்கிதே. ஒனக்குத் தெரியுமாட்டி?"

"தெரியாதும்மா."

"எனக்குத்தான் வெளங்கல போல. படிச்ச புள்ளைகளுக்குச் செஞ்சது. நமக்கு இம்புட்டு வந்ததே பெருசு."

போனை அலமாரியில் வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

வங்கி எந்திரத்தில் பணம் வராவிட்டாலும் இப்படித்தான் சொல்வாள். ரேஷன் கடையில் கைரேகை விழாவிட்டாலும் இப்படித்தான். எந்திரம் கோளாறு, நீ இல்லை என்று ஆயிரம் முறை கத்தியிருக்கிறேன். இன்றைக்குக் கத்தவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

மதியம் சாப்பிடும்போது சோலை சொன்னாள். "கார்ப்பரேசன் ஸ்கூல் புள்ளைகளக் கூட்டிட்டு வர்றாகளாம். நெறைய புள்ளைக. அதுகளுக்குக் குடுக்க எங்கிட்டோ கெடந்த பழைய டேப்லெட் வாங்கி வச்சிருக்காக."

"பழசுன்னா?"

"பழசுதான். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அவள் டிபன் பாக்ஸை மூடவில்லை. ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அப்பளம் வேண்டுமா என்று கேட்டாள்.

ஜூன் 25, புதன்

இன்று மறுபடி கௌசிக். வெள்ளிக்கிழமை கடைசியாக ஒருமுறை தன் ஆட்களை வைத்துச் சோதிக்கப் போகிறானாம். "எங்க டெஸ்டர்ஸ் ரொம்ப ஷார்ப். எந்த 'பக்'கும் தப்பாது" என்றான். "ஏதாச்சும் கிடைச்சா கிரெடிட்ஸ்ல அவங்க பேரைப் போட்டுடலாம்."

அவன் ஆட்கள்!

என் வாழ்க்கையில் ஒரு கொம்பனும் எனக்கு முன்னால் ஒரு பிழையைக் கண்டுபிடித்ததில்லை. எவனோ ஏசியில் உட்கார்ந்திருக்கிறவன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு டேப்லெட்டை எடுத்து, ஐந்தே நிமிடத்தில் என் பேயைப் பார்த்துவிட்டு, சோலையின் ஆட்டத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்வான். அவள் அவனுக்கு நன்றி சொல்வாள். அந்தச் சிரிப்போடு.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் அலுவலகத்துக்குப் போகவில்லை. அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குப் போனேன். சென்னை பஸ் நிற்கும் இடத்தில் சோலை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வழியனுப்ப வந்தியா?" என்றாள். எழுந்திருக்கவில்லை.

போனை நீட்டினேன். "கடேசிக் கட்டம். பேயி போகல. கொம்பும் காலும் ஒட்டல. பழைய போன் எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்கும்."

வாங்கிப் பார்த்தாள். காலை வைத்தாள், எடுத்தாள். அம்மா செய்தது போலவே புள்ளிவட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். சென்னை பஸ்காரர், "மெட்ராஸ், மெட்ராஸ், ஏறுறவுக ஏறுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

"எப்ப பாத்த?"

"நேத்து."

சோலை தலையைத் தூக்கவில்லை. "சரி, நேத்துன்னே வச்சுக்குவம்."

மடிக்கணினியைத் திறந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் போயிற்று. அடுத்ததும் போயிற்று. அவள் எழுதி அனுப்ப, நான் அம்மாவின் போனில் போட்டுப் பார்த்து, "இல்ல, நிக்கிது" என்பேன். மறுபடி எழுதுவாள். சுண்டல் விற்கிறவர் எட்டிப் பார்த்து, "என்ன பாப்பா, பேயி ஓட்டுறீகளா?" என்றார். "ஆமாண்ணே, ஓட மாட்டேங்குது" என்றாள் சோலை. முன்பானால் இரண்டு பேரும் விழுந்து சிரித்திருப்போம்.

"அத ஒட்ட வைக்கப் பாக்காத" என்றேன் கடைசியில். "காலு வந்ததும் பழைய எழுத்த மொத்தமாத் தூக்கிட்டு, 'போ'வ ஒரே எழுத்தா வையி."

வைத்தாள். பேய் போய்விட்டது.

அவள் கணினியை மூடிப் பையில் வைத்து, பையின் வாரைச் சரிசெய்து, அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"ரெண்டு வருசமா ஒன் பக்கத்துல ஒக்காந்திருக்கேன். ஒரு ஆட்டத்தையாச்சும் 'சுத்தமா இருக்கு'ன்னு நீ சொல்லியிருக்கியா?"

அம்மாவின் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

"அன்னைக்கே தெரியும், நீ என்னமோ பாத்துட்டேன்னு. எதன்னுதான் தெரியல. தேடித் தேடிப் பாத்தேன், கெடைக்கல."

"கேட்டுருக்கலாம்ல?"

"கேட்டா சொல்லியிருப்ப. கேக்காம சொல்றியான்னு பாத்தேன்."

"சொல்லாமப் போயிருந்தா?"

"அங்க அம்புட்டுப் புள்ளைகளுக்கு முன்னாடி நின்னு முழிச்சிருப்பேன்." பஸ்ஸின் படியில் கால் வைத்தாள். "இப்ப ஏன் சொன்ன?"

அம்மாவுக்காக என்று சொல்லலாம். பள்ளிப் பிள்ளைகளுக்காக என்று சொல்லலாம். இரண்டும் வாய்வரை வந்தன.

"அந்தக் கௌசிக் ஆளுக கண்டுபிடிச்சிருவானுகன்னு" என்றேன்.

சோலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. ஆனாலும் சிரிப்பு. "ஒனக்கெல்லாம் என்ன பேரு வைக்கிறதுன்னே தெரியலடி" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

போன் வரவில்லை. நானும் போடவில்லை. கண்காட்சியின் படங்களை இணையத்தில் பார்த்தேன். ஒரு படத்தில் சீருடைப் பிள்ளைகள் ஒரு டேப்லெட்டின்மேல் கவிழ்ந்து கிடக்கிறார்கள். ஒருத்தி இரண்டு கைகளையும் தூக்கிக் கத்துகிறாள். சோலை ஓரத்தில் நிற்கிறாள். என்னைத் தவிர யாருக்கும் அது சோலை என்று தெரியாது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த டேப்லெட் பழசுதான்.

அவளுக்காகச் சந்தோஷப்படுகிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத இதுவா இடம்? வயிறு எரிகிறது. அந்தப் பெண் கையைத் தூக்கியது என் ஆட்டத்துக்காக இருந்திருக்க வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

மதியம் சோலை போனில் பேசினாள். சத்தத்துக்கு நடுவே எங்கோ நின்றுகொண்டு.

"எஸ்தரு, இங்க ஒரு சின்னக் கம்பெனில கூப்பிடுறாக. ஒரு அக்காவும் ரெண்டு பேரும்தான். அடுத்த ஆட்டத்த அவுகளோட சேந்து செய்யச் சொல்றாக. ஆபீஸுக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

"கௌசிக்கா?"

"அவன் இல்லடி. அவன் மண்ணத் தேடி வேற எங்கிட்டோ போயிட்டான்."

"நல்லது" என்றேன். பக்கத்து நாற்காலியில் ஏற்கெனவே யாரோ பையை வைத்திருந்தார்கள்.

"இரு, வச்சிராத. பெழ பாக்க ஆள் வேணுங்காக. ஒன் பேரச் சொன்னேன்."

"ஒனக்குக் கீழயா?"

"எனக்குக் கீழதான். ஏன், கொறஞ்சு போயிருவியா?"

"ஆமா."

"கொற. வர்றதுன்னா வா. ஆனா ஒண்ணு. பாத்த அன்னைக்கே சொல்லணும். வயிறு எரிஞ்சாலும் சொல்லணும்."

"எரியலன்னு யாரு சொன்னா? இப்பவே எரியுதுதான்."

"அது தெரியும். சொல்லுவியா மாட்டியா?"

அடுத்த ஆட்டம் எதைப் பற்றி என்று கேட்டேன். வந்தால்தான் சொல்லுவேன் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சம்பளம் எவ்வளவு, எங்கே தங்குவது, அம்மாவை யார் பார்த்துக்கொள்வது, எதையும் நான் கேட்கவில்லை. பாத்த அன்னைக்கே. வேறு யாராவது இந்த நிபந்தனையைப் போட்டிருந்தால் அங்கேயே சரி என்றிருப்பேன். சோலையிடம் சரி என்று சொன்னால் செய்தாக வேண்டும்.